இன்ஃபினிட்டி பூல்: ‘கரைமறை தடாகம்’ எனலாமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கரையே இல்லாமல் நீர் எதிரிலுள்ள காட்சியோடு கலப்பதுபோல் தோன்றும் நீச்சல் குளமே இன்ஃபினிட்டி பூல் (infinity pool). அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் நண்பர் முன்மொழிந்த ‘முடிவிலிக் குளம்’ செவிக்கு இனிமையானதே; ஆயினும் முடிவிலி கணிதத்தில் வேரூன்றிவிட்ட சொல், இங்கோ முடிவற்றது எதுவுமில்லை. காட்சி விரியும் பக்கத்துச் சுவரை மட்டும் நீர்மட்டத்துக்குச் சற்றே தாழ்த்திக் கட்டுகிறார்கள். அதன்மேல் மெல்லிய படலமாக வழியும் நீர் கீழே ஒரு தொட்டியில் சேர, பம்பு அதை மீண்டும் மேலேற்றுகிறது. கரை இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. ‘விளிம்பிலா’ என்பதும் இதனாலேயே பொருந்தாது.

இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா இதைக் கையாண்ட விதம் நமக்கு உதவும். தம்புள்ளைக்கு அருகில் ஒரு விடுதி கட்ட, சிகிரியா பாறைக்கோட்டையின் அடிவாரத்தில் காட்டப்பட்ட நிலத்தை மறுத்துவிட்டு, கண்டலமவின் பழைய பாசனக் குளத்தை நோக்கிய பாறைச் சரிவை அவர் தேர்ந்தார். 1994-இல் முடிந்த அந்தக் கட்டடத்தில், குகை போன்ற வழியில் பாறையை ஒட்டி நடந்து வருபவரின் முன் தடாகம் விரிகிறது. அதன் நீர் முடியும் இடமும் தொலைவிலுள்ள குளத்து நீர் தொடங்கும் இடமும் ஒன்றாகிவிட, இடையிலுள்ள சரிவையும் மரங்களையும் கண் தாண்டிவிடுகிறது. அதற்கு முன்பே, 1981-இல், அகுங்கல்லக் கடற்கரை விடுதியில் தடாகத்து நீரைக் கடலோடு சேர்த்துக் காட்டியவரும் அவரே. இரண்டிலும் தடாகம் தனி அலங்காரமாக நிற்கவில்லை. நிலக்காட்சியைக் கட்டடத்துக்குள் இழுத்துவரும் கருவியாகிறது. (மொட்டைமாடியில் கட்டி எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டியைக் காட்டுபவர்களைப் பற்றி நான் சொல்ல ஏதுமில்லை.)

‘குளம்’ என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. இலங்கைத் தமிழில் குளம் என்றால் முதன்மையாகப் பாசனக் குளம். நீந்துவதற்குக் கட்டியது நீச்சல் தடாகம். கண்டலமவைப் பற்றி எழுதும்போது, குளத்தை நோக்கிய குளம் என்று எழுதி வாசகரைத் திணறடிக்க வேண்டியதில்லை. தமிழகத்தில் நீச்சல் குளமே வழக்கு என்றாலும், தடாகம் அங்கும் அயலான சொல்லன்று.

‘வழிதடாகம்’ (நீர் வழியும் தடாகம்) என்ற மற்றொரு பரிந்துரை பொறியியல் நோக்கில் சரியானது. ஆனால் போட்டிகளுக்கான நீச்சல் தடாகங்களிலும் நீர் விளிம்பில் வழிந்து ஓரத்து வடிகாலில் இறங்குகிறது. அச்சொல்லை அவற்றுக்கு ஒதுக்கிவைப்பது நல்லது.

எனவே ‘கரைமறை தடாகம்’ என்பதை முன்வைக்கிறேன். வினைத்தொகையாதலால் இடையில் ‘த்’ மிகாது. கரை மறைகின்ற தடாகம், கரையை மறைக்கின்ற தடாகம் என இருவகையிலும் பொருள் கொள்ள இடமிருப்பதை நான் குறையாகக் கருதவில்லை. இலக்கணம் அறிந்தோர் மறுத்தால் ‘கரைமறைவுத் தடாகம்’ என மாற்றிக்கொள்ளலாம்.