34 பேருடன் இரண்டு இரவு மலைத் தங்கல்: மசினகுடியா, கோத்தகிரியா, கொடைக்கானலா?

சரவணம்பட்டி_மனிதவளம்:

வணக்கம். கோவையில் நடுத்தர அளவிலான ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் பணிபுரிகிறேன். நவம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்பும்படி, எங்கள் குழுவினர் 34 பேரை மலைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. மேலாளர் மசினகுடி என்கிறார். பகலில் குழு விளையாட்டு, இரவில் கேம்ப் ஃபயர், அதற்கு மேல் டி.ஜே. என்று வைத்தால் எல்லோரும் நெருங்கிவிடுவார்கள் என்பது அவருடைய கணக்கு. என் கவலை வேறு. சென்ற ஆண்டு இரண்டு அணிகளை ஒன்றாக இணைத்தார்கள். பழையவர்களும் புதியவர்களும் இன்றுவரை தனித்தனி மேசைகளில்தான் சாப்பிடுகிறார்கள். அவர்கள் உட்கார்ந்து பேசட்டும் என்றுதான் இந்தப் பயணத்தையே நான் முன்மொழிந்தேன். குழுவில் 13 பெண்கள். ஒருவருக்கு ஏழு மாதக் கைக்குழந்தை. இருவருக்கு மலைச்சாலை என்றாலே வாந்தி. இடம், காலம், நிகழ்ச்சி நிரல் ஆகியவற்றில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கோடநாடு_சாலை:

கோத்தகிரியில் சிறிய தேயிலைத் தோட்டமும் அதை ஒட்டிய தங்கும் வீடும் வைத்திருப்பவன் என்பதால், என் பேச்சில் ஊர்ப்பற்று கொஞ்சம் கலந்திருக்கும். அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

இடத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் மாதத்தை மாற்றுங்கள். நீலகிரியில் மழை இரண்டு தவணையாகப் பெய்யும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சிப் பக்கம் கொட்டும். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் இறங்கும். 2009 நவம்பரில் நிகழ்ந்த நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. இப்போதும் நவம்பரில் நாலு நாள் விடாமல் பெய்தால் குன்னூர்ச் சாலையில் மண்ணோ மரமோ விழுந்து கிடக்கும், மலை ரயிலும் நின்றுவிடும். ஆகவே பொங்கல் விடுமுறைக் கூட்டம் இறங்கிய பிறகு, ஜனவரி கடைசி வாரத்தில் வாருங்கள். அந்த நாட்களில் ஊட்டியின் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழும்; கோத்தகிரியில் அவ்வளவு கடுமை இருக்காது. பிப்ரவரி பாதிக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள். அது காட்டுத்தீக் காலம், மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடிவிடும்.

வெள்ளி, சனி, ஞாயிறு என்பதையும் கைவிடுங்கள். செவ்வாய் காலை ஏறி வியாழன் மதியம் இறங்குங்கள். விடுதி வாடகை குறையும், சாலை காலியாக இருக்கும். அலுவலக வேலைக்காக வருபவர்களின் ஞாயிற்றுக்கிழமையை அலுவலகமே எடுத்துக்கொள்வது எனக்கு நியாயமாகவும் படவில்லை. கைக்குழந்தைக்காரருக்கு வேலை நாள் என்றால் வீட்டில் ஏற்பாடு செய்வதும் எளிது. குழந்தையோடு வர விரும்பினால் உடன் ஒரு துணையையும் சேர்த்து அறை கொடுங்கள். வர விரும்பாவிட்டால் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள்.

பெரிய பேருந்து வேண்டாம். இரண்டு வேனும் ஒரு காரும் போதும். அந்தக் கார் இரவு முழுவதும் ஓட்டுநரோடு விடுதியிலேயே நிற்கட்டும், அவசரம் என்றால் அதுதான் உதவும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். கட்டணம் இல்லை, ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும். வாந்தி வருபவர்களை முன் இருக்கையில் அமர்த்தி, மேட்டுப்பாளையத்தில் இட்லியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே நெய் ரோஸ்ட் சாப்பிட்டவர்களை நான் பத்தாவது வளைவில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, தண்ணீர் பாட்டில். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை உண்டு. சென்ற ஆண்டு என் வீட்டுக்கு வந்த ஒரு குழு, ஆளுக்கு இரண்டு வீதம் அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு வந்தது. குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு, வரிசையில் நின்று அங்கேயே குடித்துத் தீர்க்கப் பார்த்தார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள்.

வத்தலக்குண்டு_ஏற்றம்:

கோத்தகிரி நண்பர் பயணத்தைச் சொல்லிவிட்டார்; நான் நிகழ்ச்சி நிரலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதில் அடி வாங்கியவன். மூன்று ஆண்டுகளுக்கு முன் 28 பேரைக் கொடைக்கானலுக்கு அழைத்துச் சென்றோம். இத்தகைய பயணங்களை நடத்தித் தரும் ஓர் அமைப்பிடம் பொறுப்பை ஒப்படைத்திருந்தோம். காலை ஆறு மணி யோகாவில் தொடங்கி இரவு பதினொன்று வரை அரை மணிக்கு ஒன்றாக அவர்கள் அட்டவணை போட்டிருந்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு சக ஊழியரின் குரலை மட்டும் நம்பி நடக்கும் விளையாட்டைப் புல் சரிவில், முந்தின இரவு மழை பெய்த ஈரத்திலேயே வைத்தார்கள். எங்கள் கணக்குப் பிரிவுப் பெண்மணி வழுக்கி விழுந்து முழங்கால் சவ்வு கிழிந்து, ஆறு வாரம் விடுப்பில் இருந்தார். குரல் கொடுத்த இளைஞர் அதன் பிறகு அவர் இருக்கும் பக்கமே போகவில்லை. நெருக்கத்தை வளர்க்கப் போய் இருந்ததையும் கெடுத்துக்கொண்டோம்.

அதே பயணத்தில் யாரும் திட்டமிடாத ஒன்று நடந்தது. இரண்டாம் நாள் வேன் ஒன்று பழுதாகி, பூம்பாறையில் மூன்று மணி நேரம் நின்றோம். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார இடம் கொடுத்தார்கள். உள்ளே அடுப்புக்கு மேலே மலைப்பூண்டு தாளோடு கட்டுக் கட்டாகத் தொங்கியது. புகை படிந்தால்தான் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் என்று அந்த வீட்டு அம்மாள் சொல்லிக்கொண்டே உதிர்ந்த பூண்டை ஆய்ந்தார். எங்கள் ஆட்களும் பேச்சுக்கிடையே கைகொடுத்தார்கள். சோதனைப் பிரிவுப் பெண் ஒருவர், தன் பிழை அறிக்கைகளை யாரும் படிப்பதில்லை என்று அங்கேதான் முதன்முதலாக வாய் திறந்து சொன்னார். அறிக்கை எழுதும் முறையே அதற்குப் பிறகு மாறியது.

வேனைப் பழுதாக்குங்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரு நாளைக்கு ஒரே ஓர் அமர்வு, காலையில் இரண்டரை மணி நேரம், அதற்கு ஒரே ஒரு கேள்வி என்று வையுங்கள். மதியத்தை முற்றிலும் காலியாக விடுங்கள். சமையலறையில் ஐந்தைந்து பேராக, பழைய அணியும் புதிய அணியும் கலந்து, ஒரு வேளைச் சமையலில் உதவச் சொல்லலாம். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். மேலாளர் அமர்வில் கடைசியாகப் பேசட்டும். இது கடினம், ஆனால் அவர் முதலில் பேசினால் மற்ற 33 பேரும் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள்.

தெப்பக்காடு_வழிப்போக்கன்:

மசினகுடியை இப்படி ஒதுக்க வேண்டியதில்லை. உரிமம் பெற்ற விடுதியில் பத்துப் பேர் அமைதியாகத் தங்குவதற்கு அதைவிட நல்ல இடம் குறைவு. தவறு மசினகுடியிடம் இல்லை, டி.ஜே.யிடம் இருக்கிறது. அது முதுமலையை ஒட்டிய யானை வழித்தடம்; இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி சட்டப்படி கூடாது, காட்டோரத்தில் பத்துக்கு முன்பும் கூடாது என்பேன். மேலும் ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும், 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டிகளைக் கீழே இறங்க விடுவதில்லை. கூடலூர் சுற்றி வர வேண்டும், அதற்குள் உங்கள் வாந்திக்காரர்கள் துவண்டுவிடுவார்கள். 34 பேருக்கு இது பொருந்தாது.

கோடநாடு_சாலை:

காட்டுக்குள் நடக்க விரும்பினால் கோத்தகிரி ஊரை ஒட்டிய லாங்வுட் சோலை போதும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2024-இல் சேர்ந்த காடு. கீழேயுள்ள கிராமங்கள் பலவற்றுக்குக் குடிநீர் அங்கிருந்துதான் வருகிறது. வனத்துறையிடம் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு, பத்துப் பத்துப் பேராகச் செல்லுங்கள். உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகும். அடிமரங்களில் பாசி ஈரத் துணிபோல் ஒட்டியிருக்கும். அரை மணி நேரம் யாரும் பேசாமல் நடந்தால் நீலகிரிச் சிரிப்பான் பறவைகள் கூட்டமாகக் கத்துவது கேட்கும். மனிதர்கள் கேலி செய்து சிரிப்பது போலவே இருப்பதால், புதிதாக வருபவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். தோடர் மந்துகளையும் படகர் ஹட்டிகளையும் 'பார்வையிடும்' திட்டம் ஏதும் இருந்தால் எடுத்துவிடுங்கள். அவை மனிதர்கள் வாழும் வீடுகள். மாலை ஆறுக்குப் பிறகு யாரும் தோட்டத்துக்குள் தனியாக நடக்க வேண்டாம். காட்டுமாடும் கரடியும் இங்கே விருந்தாளிகள் அல்ல, குடியிருப்பவர்கள்.

சரவணம்பட்டி_மனிதவளம்:

அனைவருக்கும் நன்றி. இன்று மேலாளரிடம் பேசினேன். ஜனவரி கடைசி வாரம், செவ்வாய் முதல் வியாழன் வரை, கோத்தகிரி என்று முடிவாகியிருக்கிறது. டி.ஜே. போய்விட்டது, கேம்ப் ஃபயரை மட்டும் விட மனமில்லாமல் இருக்கிறார், விடுதிக்காரரே முற்றத்தில் இரும்புத் தொட்டியில் மூட்டித் தருவதானால் சரி என்று நிறுத்தியிருக்கிறேன். அமர்வில் கடைசியாகப் பேச வேண்டும் என்றதற்குச் சற்று நேரம் என்னையே பார்த்தார், பிறகு, "அதுவரை நான் என்ன செய்வது?" என்று கேட்டார். சமையலறையில் முதல் ஐவர் பட்டியலில் அவர் பெயரை எழுதிவிட்டேன்.