குரல்பதிவில் வரும் ஏக்கர் அளவு பிழையாக எழுதப்படுகிறது: உதவி தேவை

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கத்து வயல்களுக்கு 10 லீற்றர் தொட்டியுள்ள ட்ரோன் மூலம் மருந்து தெளித்துக் கொடுக்கிறேன். விவசாயிகள் வட்ஸ்அப்பில் அனுப்பும் குரல்பதிவுகளை ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுத்தாக்கி, மறுநாள் வேலைப்பட்டியலைத் தயாரிக்கிறது. பெரும்போகம் தொடங்கியபின், மூன்று வாரங்களாக, ‘ஒன்றரை ஏக்கர்’ என்பது ‘ஒரு ஏக்கர்’ என்றே பதிவாகிறது. ஏக்கருக்கு 10 லீற்றர் கரைசல் என்று கணக்கிடுவதால், அங்கேயே 5 லீற்றர் குறைந்துவிடுகிறது. களைநாசினி தெளிக்கும் நாள் பிந்தினால் நட்டம் விவசாயிக்குத்தான்.

வட்டைகளின் (வயல்வெளிகளின்) பெயர்ப்பட்டியலைச் செயலிக்கு முன்கூட்டியே கொடுத்தேன், மொழித் தெரிவை இலங்கைத் தமிழுக்கு மாற்றினேன். பெயர்கள் ஓரளவு திருந்தின, அரையும் முக்காலும் திருந்தவில்லை. தட்டச்சுச் செய்து அனுப்பினால் பிழை வருவதில்லை, ஆனால் வயதான போடிமாரிடம் (வயற்சொந்தக்காரரிடம்) அதைக் கேட்க மனம் வரவில்லை.

மட்டக்களப்புப் பேச்சில் வரும் இத்தகைய அளவுகளைச் சரியாக எழுத்தாக்கும் கருவியை எவராவது பயன்படுத்துகிறீர்களா?