பிரசவப் பையில் ஹெட்போனுக்கு இடம் உண்டா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

நீர்முள்ளி

வலி வரவழைக்க ஜெல் வைத்துவிட்டுக் காத்திருக்கிற கதை எல்லோருக்கும் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். டேப்லெட், ஹெட்போன், பாதியில் விட்ட சீரியலின் மிச்ச எபிசோடுகள் எல்லாம் பையில் இருந்தன. லேபர் வார்டு வாசலிலேயே "ஃபோன், கொலுசு, வளையல் எல்லாம் அம்மாகிட்ட குடுத்துட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டார்கள். உள்ளே ஒரு கட்டில், ஒரு ஃபேன், வயிற்றில் பெல்ட் கட்டிய சிடிஜி மெஷின். அதில் பாப்பாவின் துடிப்பு எண்ணாக ஓடும். 138, 144, 141. வேறு வேலை இல்லாமல், அடுத்து என்ன வரும் என்று எனக்குள் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தேன். 110க்கும் 160க்கும் நடுவில் இருந்தால் பயமில்லை என்று சிஸ்டர் சொல்லியிருந்தார்.

ஒரு வலி வந்து போன பிறகு 92 என்று காட்டியது. அங்கேயே நின்றது. சிஸ்டர் கையிலிருந்த டீயை ஜன்னலில் வைத்துவிட்டு வந்து, "இடது பக்கம் திரும்பும்மா, திரும்பு, திரும்பு" என்றார். திரும்பினேன். 104, 119, 135. அவர் போய் டீயை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். பையன் நல்லபடியாகப் பிறந்து இப்போது பள்ளிக்கூடம் போகிறான். ஆனால் லிஃப்டில் எண் இறங்கிக்கொண்டே வந்தால் இன்னமும் என்னையறியாமல் இடது பக்கம் சாய்கிறேன். டேப்லெட் கையில் இருந்திருந்தால் அந்த 92ஐப் பார்த்திருக்க மாட்டேன். பார்த்தது நல்லதா, பார்க்காமல் இருந்திருந்தால் நல்லதா?

கொங்குத் தங்கை

எனக்கு சிசேரியன். தனி அறை, டிவி எல்லாம் உண்டு. ஹெட்போனும் கொண்டு போயிருந்தேன். ஆனால் அறைக்கு வந்ததும் அத்தை முதல் வேலையாக என் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துவிட்டார். "பச்ச உடம்பு கண்ணு, காத்து புகுந்துக்கும்." ஃபோன் பார்த்தால் கண் கெட்டுவிடும், புத்தகம் படித்தாலும் கெட்டுவிடும். அவர் மட்டும் முழுச் சத்தத்தில் சீரியல் பார்த்தார். பஞ்சு வழியாக எனக்குப் பாதி வசனம்தான் வந்தது. யார் யாருக்கு விஷம் வைத்தார்கள் என்று இன்று வரை தெரியாது.

ராத்திரி அவர் தூங்கியதும் போர்வைக்குள் ஒரு காமெடி வீடியோ போட்டேன். தையல் போட்ட வயிற்றோடு சிரிப்பது என்னவென்று சிசேரியன் ஆனவர்களைக் கேளுங்கள். தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டேன், நிறுத்தவும் முடியவில்லை, கண்ணெல்லாம் தண்ணீர். அத்தை எழுந்துவிட்டார். நான் அழுகிறேன் என்று நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினார். "பொண்ணாப் போச்சுன்னா அழுவற? பெரியவ பொறந்தப்ப நானும் இப்படித்தான் கண்ணு, யாருக்கும் தெரியாம அழுதேன்" என்றார்.

வீடியோ என்று நான் சொல்லவில்லை. அவரும் அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

கட்டில் நம்பர் 14

பொழுதுபோக்கு எடுத்துப் போவதா என்பதே தனி அறைக்காரர்களின் கேள்வி. தங்கை தப்பாக நினைக்க வேண்டாம், ஆனால் உங்களுக்குச் சலித்துப்போகிற அளவுக்கு அமைதி இருந்திருக்கிறது. நான் 2017ல் அரசு ஆஸ்பத்திரியில் பெற்றேன். வார்டு முழுக்கப் பேச்சு. எந்தக் கட்டிலில் மாமியார் சண்டை, எந்தக் கட்டிலுக்கு இன்னும் புருஷன் வந்து எட்டிப் பார்க்கவில்லை, எல்லாம் மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும். இதில் ஹெட்போன் போட்டுக்கொண்டு என்ன செய்ய?

அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்க 2015ல் தமிழக அரசு தொடங்கிய அந்த 16 பொருள் பெட்டகம் எங்களுக்கும் கொடுத்தார்கள். எண்ணெய், சோப்பு, கொசுவலை, லேகியம் வரை இருக்கும், கூடவே ஒரு கிலுகிலுப்பை. பார்வையாளர் நேரத்தில் பக்கத்துக் கட்டில்காரியின் மூத்த பையன் அதை எடுத்து ஆட்டிக்கொண்டே வார்டு முழுக்க ஓடினான். தூங்கிய பிள்ளையெல்லாம் எழுந்து கத்தல். ஆயாம்மா விளக்குமாற்றோடு துரத்துகிறார். கடைசிக் கட்டிலில் ஒருத்தி மட்டும், "டேய் தம்பி, இங்க வாடா, இங்க வந்து ஆட்டு" என்று கூப்பிட்டாள். அவள் பிள்ளை இன்குபேட்டரில். அவளுக்குக் கொடுத்த பெட்டகம் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அவன் ஆட்டினான், அவள் கை தட்டினாள். எத்தனையோ மறந்துவிட்டது, அந்தக் கைதட்டல் போகமாட்டேன் என்கிறது.

இரண்டு பெற்றவள்

எனக்கு இரண்டுமே சுகப்பிரசவம், இரண்டிலும் பையைத் திறக்கவே நேரமில்லை. ஆனால் புதிதாகப் போகிறவர்களுக்காகச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். வலி நன்றாகப் பிடித்த பிறகு எந்தப் படமும் ஓடாது. முதல் பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகு பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அதற்கு முந்தைய கட்டத்துக்கு இத்தனை நேரம் என்று கணக்கே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதலே சொல்கிறது. பாட்டும் படமும் அந்தக் கணக்கில்லாத நேரத்துக்குத்தான். வலியை வரவழைக்க ஜெல் வைப்பதாக இருந்தால் ஒரு நாளைத் தாண்டியும் இழுக்கலாம். கெட்டியான சுவர்களுக்குள் சிக்னல் கிடைக்காது, அதனால் வீட்டிலேயே டவுன்லோடு செய்துவிடுங்கள். வீடியோவைவிடப் பாட்டு நல்லது, கண்ணை மூடிக் கேட்கலாம், எழுந்து நடக்கலாம். ஒரு காதில் மட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் கூப்பிடுவது கேட்காது. சார்ஜர் ஒயர் நீளமாக இருக்கட்டும், பிளக் எப்போதும் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில்தான் இருக்கும். பவர் பேங்க், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டும் வேண்டும். டேப்லெட் வேண்டாம், தூங்கும்போது யார் பார்த்துக்கொள்வது? இதையெல்லாம்விட முக்கியம் பழைய பருத்தி வேட்டி, துவைத்துக் கிழித்தது, எவ்வளவு இருந்தாலும் போதாது. நைட்டி முன்பக்கம் ஜிப் வைத்ததாக இருக்கட்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டெல்லாம் ஒரே ஃபைலில். ஃபிளாஸ்க் பெரிதாக. கால் வீங்கும், செருப்பு ஒரு அளவு பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வராந்தா அப்பா

பெற்றவர்களுக்கு நடுவில் நான் பேசலாமா தெரியவில்லை. "ஒரு காதில் மட்டும்" என்று மேலே சொன்னதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. லேபர் வார்டுக்கு வெளியே பெஞ்சில் நாங்கள் நாலைந்து ஆண்கள். கதவு திறந்து ஒரு பேர் சொல்லி, "இவங்களோட அட்டெண்டர் யாரு?" என்று சிஸ்டர் கேட்பார், எல்லோருமே எழுந்துவிடுவோம். என் பக்கத்தில் ஒருவர், இரண்டு காதிலும் இயர்போன், கிரிக்கெட். அவர் மனைவி பேரை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். நான்தான் தோளைத் தொட்டேன். நிமிர்ந்து, "விக்கெட்டா?" என்றார். சிஸ்டர் கையில் கையெழுத்து வாங்குகிற பேப்பர். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். உள்ளே போனவர் பெஞ்சுக்குத் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டுவிட்டார்கள். அவருக்கு என்ன குழந்தை, இருவரும் நலமா, எதுவும் தெரியாது.

புள்ளிக்காரி

31வது வாரத்தில் பனிக்குடம் உடைந்து, இன்ஃபெக்‌ஷன் வராமல் ஊசி போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள். பாத்ரூமுக்கு மட்டும்தான் எழலாம். பிரசவ நாளன்று எதுவும் வேண்டாம் என்கிறவர்கள் எங்களை மாதிரி வாரக்கணக்கில் படுத்தவர்களை மறந்துவிடுகிறீர்கள். எனக்குக் கோல நோட்டும் பென்சிலும்தான் சோறு போட்டன. ஃபோன் ஒரு மணி நேரத்தில் தலைவலி. 15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை, அன்னம் வைத்து ஒன்று போட்டுக்கொண்டிருந்தேன். ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டரம்மா நோட்டை வாங்கிப் பார்த்து, "இந்த வரிசைல ஒரு புள்ளி விட்டுட்ட" என்று பேனாவால் வைத்துவிட்டு, அதே பேனாவால் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டு போனார். அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் பயப்படுகிற மனுஷி அவர்.

கட்டில் நம்பர் 14

இரண்டு பெற்றவளுக்கு: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டு போனால் வார்டு சிஸ்டர் பிடுங்கி அலமாரியில் வைத்துவிடுவார். பேர் எழுதி ஒட்டிக் கொண்டு போங்கள், டிஸ்சார்ஜ் அன்று கேட்டு வாங்கலாம். வேட்டித் துணி விஷயத்தில் மட்டும் உங்கள் கட்சிதான் நான்.