‘எதிர்த்தரப்புக் கடனிடர்’ சரியான சொல்லா?

ஐயா, வணக்கம்.

வங்கி ஆண்டறிக்கைகளில் டெரிவேட்டிவ் (டாலர் போன்ற வேறொன்றின் விலையை ஒட்டி மதிப்பு மாறும் ஒப்பந்தம்) பகுதியில் ‘கவுண்டர்பார்ட்டி கிரெடிட் ரிஸ்க்’ என்று வரும். ஒப்பந்தத்தில் மறுபக்கம் இருப்பவர் தரவேண்டியதைத் தராமல் போகும் ஆபத்து அது. உங்கள் கலைச்சொல் பட்டியலில் அதற்கு ‘எதிர்த்தரப்புக் கடனிடர்’ என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு பாதியுமே எனக்கு இடிக்கிறது.

எதிர்த்தரப்பு என்றதும் ராமநாதபுரம் கோர்ட் வாசல்தான் கண்ணில் வருகிறது. ஒப்பந்தம் போட்டவர் எதிரியா என்ன? மறுதரப்பு போதும்.

பெரிய சிக்கல் ‘கடன்’. மண்டபம் ஊரில் கணவாய் மீன் ஏற்றுமதி செய்கிறவர் ஒருவர், மூன்று மாதம் கழித்துக் கைக்கு வரும் 1 லட்சம் டாலரை 84 ரூபாய் விலைக்குத் தருவதாக வங்கியோடு இன்றே பேசி முடிக்கிறார் என்று வையுங்கள். யாரும் யாருக்கும் ஒரு பைசா கொடுக்கவில்லை. 84 லட்சம் கைமாறுவது கெடு நாளில்தான்; இன்றைக்கு அது கணக்குப் போட மட்டும். அதே தேதிக்கான டாலர் விலை நடுவில் 86 ஆனால், அந்த ஒப்பந்தம் வங்கிக்கு 2 லட்சம் பெறும் (வட்டிக் கழிவை விடுங்கள்). சொத்துப் பக்கம் ஏறும். அவர் கைவிரித்தால் வங்கிக்கு நட்டம் அந்த 2 லட்சம்தான். விலை 82க்கு இறங்கினால் கதை திரும்புகிறது: 2 லட்சம் வங்கியின் பொறுப்புப் பக்கம். இப்போது வங்கி தாங்குமா என்று கவலைப்பட வேண்டியவர் கணவாய்க்காரர்.

கடனில் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று முதல் நாளே தெரியும். இதில் தெரியாது. பாம்பனில் படகுக்காரருக்கும் வியாபாரிக்கும் ஓடும் கணக்கு மாதிரி. 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுக்காரர் மேல் நிற்கும். நல்ல மீன்பாடு விழுந்த வாரம் வியாபாரி மேல் நிற்கும். “இப்ப யார் மேல நிக்குது?” என்றுதான் கேட்பார்கள். நிற்பது நிலுவை. ஆகவே ‘மறுதரப்பு நிலுவையிடர்’.

அப்புறம், மறுதரப்பு தள்ளாடத் தொடங்கினாலே அந்த 2 லட்சத்தைக் குறைத்து எழுத வேண்டும். 2008 நெருக்கடியில் மறுதரப்புகளால் வந்த நட்டத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இந்தக் குறைப்பால்தான். உண்மையாகவே பணம் தராமல் போனதால் வந்தது மூன்றில் ஒரு பங்கே என்றது, வங்கிகளுக்கு உலக அளவில் விதி வகுக்கும் பேசல் குழு. அந்தக் குழுவின் ‘பேசல் 3’ விதித்தொகுப்பு இதற்கும் மூலதனம் ஒதுக்கச் சொன்னது. ஆங்கிலத்தில் ‘அட்ஜஸ்ட்மென்ட்’ எனப்படும் இந்தக் குறைப்புக்கு நீங்கள் ‘சரிக்கட்டல்’ என்று போட்டிருக்கிறீர்கள். எங்கள் பக்கம் சரிக்கட்டுவது என்றால் வேறு வேலை ஐயா. ‘மதிப்புக் குறைப்பு’ என்றே இருக்கட்டும்.

மறுமொழி:

தம்பி, மறுதரப்பு சரி, எடுத்துக்கொள்கிறேன். நிலுவை ஒப்பவில்லை. நிலுவை என்றால் கெடு தாண்டியும் வராத பாக்கி என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் 2 லட்சத்துக்குக் கெடுவே வரவில்லை. போதாததற்கு, விலை நாளை 88 ஆகலாமே? பேசல் விதி இன்றைய மதிப்போடு இனி ஏறக்கூடியதையும் கூட்டி 1.4 ஆல் பெருக்கச் சொல்கிறது. இன்னும் நிற்காததை நிலுவை என்பீர்களா?

மறுமொழி:

மாட்டிக்கொண்டேன் ஐயா. ‘மறுதரப்பு வரவிடர்’ எப்படி? நமக்கு வரவேண்டியது வராமல் போகும் இடர். இன்று வரவேண்டியதும் நாளை ஏறக்கூடியதும் அதில் அடங்கும். யாருக்கு வரவு இருக்கிறதோ அவருக்கே இடர், திசையும் சொல்லிலேயே இருக்கிறது. பட்டியலில் இதைப் போடலாமா? ‘சரிக்கட்ட’லை எப்படியும் எடுத்துவிடுங்கள்.