ஜார்ஜியன் வீட்டு முகப்பில் சிமென்ட்: செங்கல் கெடாமல் எடுப்பது எப்படி?

பழைய செங்கல் சுவர் வேலை தெரிந்தவர்கள் யோசனை சொல்லுங்கள். லண்டன் புளூம்ஸ்பரியில் 1780-களில், அதாவது ஜார்ஜ் மன்னர்கள் காலத்தில் (ஜார்ஜியன்) கட்டிய வரிசை வீடு, பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்களின் கிரேடு 2 பட்டியலில் உள்ளது. முகப்பில் செங்கல் அடுக்கு ஃபிளெமிஷ் கட்டு. ஒவ்வொரு வரியிலும் நெடுக்கே ஒரு கல், குறுக்கே ஒரு கல்.

பிற்காலத்தில் கற்களுக்கு இடையேயான இடுக்கில் இருந்த சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுச் சிமென்ட் அடைத்திருக்கிறார்கள். ஈரம் இடுக்கு வழியே வெளியேற முடியாமல் மிருதுவான மஞ்சள் ஸ்டாக் கல் (லண்டன் பக்கத்துச் செங்கல்) வழியே வருகிறது. குளிரில் உறைந்து, கல்லின் முகம் பக்குப் பக்காக உதிர்கிறது. ஜன்னல் கட்டைக்குக் கீழே நகத்தால் கீறினாலே பொடி கொட்டுகிறது.

இடுக்கு 6 முதல் 8 மி.மீ.தான். கிரைண்டர் வைத்தால் கல்லின் ஓரம் போய்விடும், அது வேண்டாம். மெல்லிய உளி போதுமா, அதிரும் பிளேடு நல்லதா? 20 மி.மீ. ஆழம் எடுக்க உத்தேசம். கலவைக்குச் சுண்ணாம்புக் களி 1, கூர்மணல் 3. என்.எச்.எல். 3.5 (நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு; எண் கூடினால் கெட்டியும் கூடும்) இந்தக் கல்லுக்குக் கெட்டி அதிகம் என்பது என் கணிப்பு; 2 போட்டவர்கள் உண்டா?

இன்னொன்று, இரண்டாம் மாடியில் சுவர் உப்பியிருக்கிறது. அந்தக் காலத்தில் நல்ல கல்லை மிச்சம்பிடிக்கக் குறுக்குக் கல்லைப் பாதியாக உடைத்து வைப்பார்கள். உள்சுவரோடு பிடிப்பே இருக்காது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் பிணைக்க என்ன இடைவெளி விடுகிறீர்கள்? இடுக்கு வேலைக்கு முன்பா, பின்பா?