வெள்ளைச் சுவர், வெள்ளை டைல்ஸ்: ஹாலில் களையே இல்லை, எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி: பெரும்பாக்கம்_4வதுமாடி

சொந்த ஃபிளாட். ஹால் 12-க்கு 16 அடி, கூரை உயரம் 9.5 அடி. தரையில் பளபள வெள்ளை விட்ரிஃபைட் டைல்ஸ், நாலு சுவரும் வெள்ளை, சாம்பல் நிற சோபா, இரண்டு எல்இடி டியூப்லைட். ராத்திரி உட்கார்ந்தால் கிளினிக்கில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கிற மாதிரி இருக்கு. 12 அடிப் பக்கம் மேற்கு பார்த்த பால்கனி, 4 மணிக்கு மேல் வெயில் உள்ளே அடிக்கும். சோபா வடக்குச் சுவரை ஒட்டி. பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் கீழே பெயிண்ட் கொஞ்சம் பொரிந்திருக்கு.

சோபா சுவருக்கு செங்காவி நிறமும், வரிவரியாக மேடு பள்ளம் தெரிகிற டெக்ஸ்சர் பெயிண்டும் அடிக்கலாம், கார்பெட் போடலாம் என்று யோசனை. பட்ஜெட் 40,000. சரியா வருமா?

பதில் 1: விளக்கும்_நிழலும்

பெயிண்ட் கடைக்குப் போகும் முன் பல்பை மாற்றுங்கள். உங்கள் டியூப்லைட் அநேகமாக 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்; கூடக்கூட நீலம், குறையக்குறைய மஞ்சள்). அந்த நீல வெளிச்சத்தில் செங்காவி, பாக்கு, அரக்கு எல்லாமே செத்துப்போன மாதிரி தெரியும். நிறத்தைக் குறை சொல்லிவிட்டு மறுபடி பெயிண்ட் அடிக்கிறவர்கள் பலர்.

டியூப்லைட்டைக் கழற்ற வேண்டாம். பெருக்கித் துடைக்க, தொலைந்த கம்மலைத் தேட அது வேண்டும். சாயங்காலத்துக்குத் தனி ஸ்விட்சில் 2700 அல்லது 3000 கெல்வின் விளக்குகள் மூன்று போதும்: சோபா மூலையில் ஒரு நிற்கும் விளக்கு, டிவி பக்கம் ஒரு மேசை விளக்கு, எதிர் மூலையில் சுவர் விளக்கு. ஒவ்வொன்றிலும் 7 முதல் 9 வாட். மூன்றும் ஒரே கெல்வினாக இருக்கட்டும், கலந்தால் சுவரில் திட்டுத்திட்டாகத் தெரியும். அட்டையில் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90 என்று போட்டிருப்பதை வாங்கினால் சிவப்பும் பழுப்பும் உள்ளபடி தெரியும். உட்கார்ந்த நிலையில் பல்பு கண்ணில் படக்கூடாது. படுகிறது என்றால் ஷேடு சின்னது, அல்லது விளக்கு உயரம்.

வெளிச்சம் மேலிருந்து மட்டும் வந்தால் பிரம்பு, பாய், கைத்தறி எதற்கும் நிழல் விழாது. நிழல் விழாவிட்டால் நெசவு இருந்தும் இல்லாத மாதிரிதான். பக்கவாட்டில் வரட்டும். ஆனால் சுவரை உரசிப் போகிற மாதிரி சுவர் விளக்கு வைத்தால் பட்டி (பெயிண்டுக்கு முன் சுவரைச் சமப்படுத்தும் பூச்சு) பூசியதன் மேடு பள்ளம் அத்தனையும் காட்டிக்கொடுக்கும். பல்பு சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி இருப்பது நல்லது.

பதில் 2: பட்டி_பிரைமர்

முதலில் அந்தப் பொரிந்த இடம். வெள்ளைப் பொடி மாதிரி உதிர்ந்தால் உப்பு பூத்திருக்கிறது, உள்ளே ஈரம் இருக்கிறது. ஓர் அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை அங்கே நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. பெரும்பாலும் பால்கனிக் கதவின் ட்ராக்கில் தண்ணீர் வெளியேறும் துளை அடைத்திருக்கும், அல்லது பால்கனித் தரையின் வாட்டம் உள்பக்கமாக இருக்கும். அதைச் சரிசெய்யாமல் உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பட்டி பூசினால் ஐப்பசி மழையில் மறுபடி பொரியும். வால்பேப்பர் ஒட்டினாலோ பின்னால் பூஞ்சை.

டெக்ஸ்சர் பெயிண்ட் வேண்டாம் என்பேன். மெயின் ரோடு தூசி அந்த வரிகளில் உட்கார்ந்தால் துணியால் துடைக்க வராது. சலித்துப்போய் மாற்றும்போது முழுச் சுவரையும் தேய்த்து மறுபடி பட்டி பார்க்க வேண்டும், செலவு இரட்டை. கழுவக்கூடிய, பளபளக்காத மேட் எமல்ஷன் வாங்குங்கள். பளபளப்பு தரையில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

கணக்கு: சோபா சுவர் 16-க்கு 9.5 அடி என்றால் 152 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 100 முதல் 120 சதுர அடி என்று வையுங்கள், ஒன்றரை லிட்டர். இரண்டு லிட்டராக எடுங்கள், இரண்டையும் ஒரே நாளில் கலக்கச் சொல்லி வாங்குங்கள். பிறகு வாங்கும் டப்பாவில் நிறம் இழை மாறலாம்.

செங்காவி நல்ல நிறம்தான், ஆனால் சோபா சுவரோடு நிறுத்துங்கள். பால்கனிக்கு எதிரே உள்ள கிழக்குச் சுவரில் சாயங்கால வெயில் நேராக விழும். அங்கே அடித்தால் மே மாதம் பார்க்கவே எரியும். மற்ற மூன்று சுவருக்கும் வெள்ளையை மாற்றி, மஞ்சள் கலந்த வெளிர் சந்தன நிறம். ஷேடு கார்டை நம்பாதீர்கள். 2 அடி அட்டையில் இரண்டு கோட் அடித்து மாலை 4 மணிக்கு ஒரு தடவை, ராத்திரி புது விளக்கில் ஒரு தடவை பாருங்கள்.

பதில் 3: கைத்தறி_கணக்கு

கார்பெட்டை மறந்துவிடுங்கள். அடர்ந்த இழை கார்பெட் நம்மூர்ப் புழுக்கத்தில் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு நாற்றம் பிடிக்கும். சணல் விரிப்பும் மழைக்காலத்தில் அப்படித்தான். பவானி ஜமக்காளம் தட்டையான நெசவு, உதறலாம், வெயிலில் போடலாம். 6-க்கு 9 அடி எடுத்து, 9 அடிப் பக்கம் சோபாவுக்கு இணையாக, சோபாவின் முன்கால்கள் மேலே ஏறும்படி போடுங்கள். 4-க்கு 6 வாங்கினால் நடுவில் கைக்குட்டை மாதிரி கிடக்கும். ஜமக்காளத்தில் கோடுகள் இருப்பதால் குஷன் உறைகள் கோடில்லாமல், கைத்தறிப் பருத்தியில் அரக்கு இரண்டு, இலைப்பச்சை ஒன்று. அதற்குமேல் நிறம் சேர்த்தால் கண்காட்சி ஸ்டால்.

திரைச்சீலைக்குத் துணி, ஜன்னல் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு. 5 அடி ஜன்னல், 48 அங்குல அகலத் துணி என்றால் மூன்று பேனல். கம்பியிலிருந்து தரை வரை 8 அடி, மேலும் கீழும் மடிக்க 10 அங்குலம், ஆக பேனலுக்கு 2.7 மீட்டர். பருத்தி சுருங்கும், அதனால் 2.85 என்று வாங்கி, தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகே தைக்கக் கொடுங்கள். தைத்தபின் துவைத்தால் கணுக்கால் தெரியும்.

பால்கனி வெயிலுக்குத் திரைச்சீலை மட்டும் போதாது. கண்ணாடியைத் தாண்டி வெப்பம் உள்ளே வந்த பிறகு துணி என்ன செய்யும்? வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள். வெயிலும் குறையும், வழுவழுப்பான அறைக்கு ஒரு சொரசொரப்பும் கிடைக்கும்.

பெரும்பாக்கம்_4வதுமாடி

பிளாஸ்டிக் தாள் இன்றைக்கே ஒட்டிவிடுகிறேன். விட்ரிஃபைட் டைல்ஸில் ஜமக்காளம் வழுக்காதா? வீட்டில் ஓடுகிற பிள்ளை இருக்கு. சாயம் போகுமா?

பதில் 3: கைத்தறி_கணக்கு

வழுக்கும். அடியில் ரப்பர் வலை விரிப்பு, ஜமக்காளத்தைவிட எல்லாப் பக்கமும் 2 அங்குலம் சின்னதாக. மலிவான பிவிசி வலை வேண்டாம், நாளடைவில் டைல்ஸில் ஒட்டிக் கறை விடும். தரை துடைத்தால் நன்றாகக் காய்ந்த பிறகே விரியுங்கள்.

சாயத்துக்கு, நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் முதல் சில தடவை தனியாக, பச்சைத் தண்ணீரில், ஊறவைக்காமல் அலசி, நிழலில் காயப்போடுங்கள்.