‘மேலும் தோண்டு’ பொத்தானும் ஐந்து இடங்களும்: ஒரு கலைச்சொல் விவாதம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நாம் தமிழாக்கிக்கொண்டிருக்கும் தரவு அலசல் செயலியில் ‘டிக்’ (dig) என்ற ஆங்கில வினை ஐந்து இடங்களில் வருகிறது. கோவைத் தம்பி ஐந்துக்கும் ‘தோண்டு’ என்று போட்டு அனுப்பியிருக்கிறார். ஒரு மூலச்சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் என்பது நாமே வைத்துக்கொண்ட விதி, அதனால் அவர்மேல் தப்பில்லை. ஆனால் நேற்று ராத்திரி அதைத் திரையில் ஓட்டிப் பார்த்தேன். மரவள்ளி விலைப் பட்டியல் ஒன்றின் தலைமேல் ‘மேலும் தோண்டு’ என்று ஒரு பொத்தான் நிற்கிறது. வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “யாரைப் புதைச்சு வெச்சிருக்கீங்க?” என்றார். அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளும்.

முதலில் ஆங்கிலக்காரர் பக்கம். அவர்களுக்கும் இது ஆதிச் சொல் இல்லை. ‘டெல்வ்’ என்பதுதான் அவர்களுடைய பழைய வினை. ‘டிக்’ நடுக்கால ஆங்கிலத்தில் வந்து அதை ஓரங்கட்டிவிட்டு, அகப்பட்ட வேலையெல்லாம் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டது. விலாவில் முழங்கையால் இடித்தாலும் அதுதான், குத்தலாக ஒரு வார்த்தை சொன்னாலும் அதுதான். அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சிலிருந்து 1930களில் பரவிய வழக்கில், ஒன்றைப் பிடித்துப்போய் ரசிப்பதும் அதே சொல். தங்கத்துக்கு மண் வெட்டப் போனவர்களின் ‘டிக்கர்’ என்ற பெயர், பிறகு முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியச் சிப்பாய்க்கே பட்டப்பெயராகிவிட்டது. பிரிட்டனில் வாடகை அறைக்கும் இந்தச் சொல்லின் பன்மைதான் பெயர். இத்தனைக்கும் ‘தோண்டு’ என்று போட்டால், தமிழில் வாடகைக்குக் குழியில் குடியிருக்க வேண்டியதுதான்.

நம் பக்கம் கதை நேர்மாறு. ஓமலூர்ப் பக்கம் எங்கள் ஆயாவின் காட்டில் நான் கேட்டு வளர்ந்த வினைகளைச் சொல்கிறேன். மஞ்சளை வெட்டுவார்கள். குச்சிக்கிழங்கைப் பிடுங்குவார்கள். களையைக் கொத்துவார்கள். தென்னம்பிள்ளைக்குக் குழி எடுப்பார்கள். கிணறும் வாய்க்காலும் வெட்டுவது. ஏரி என்றால் தூர் வாருவது. எலி வளை பறிக்கும், கோழி குப்பையைச் சீய்க்கும், பன்றி கிண்டிப்போடும். நான் சும்மா உட்கார்ந்து சுவர்ச் சுண்ணாம்பை நோண்டினால் முதுகில் ஒன்று விழும். காதைக் குடைந்தாலும் விழும். இத்தனையும் மண்ணிலோ மண் மாதிரி ஒன்றிலோ கையையோ கருவியையோ விடும் வேலைதான். ஆனால் கையில் மண்வெட்டியா, கடப்பாரையா, விரலா என்பதும், கடைசியில் என்ன கிடைக்க வேண்டும் என்பதும் சேர்ந்துதான் நமக்கு வினையைத் தீர்மானிக்கின்றன. மஞ்சள் ‘தோண்டினேன்’ என்று எங்கள் ஊரில் ஒருவர் சொன்னால், பக்கத்துக் காட்டு மஞ்சளா என்று கேட்பார்கள்.

‘தோண்டு’ என்றால் காதில் விழுவது குழி. பிணத்தைத் தோண்டி எடுத்தார்கள், பழைய கதையைத் தோண்டாதே என்றுதான் பேச்சில் அதிகம் வருகிறது. மூடி வைத்ததைத் திறக்கிற வாடை அதற்கு உண்டு. வீட்டுக்காரம்மா சிரித்தது அதனால்தான்.

பழந்தமிழில் வேறு நல்ல வினைகள் உண்டே என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டிருந்தார். உண்டு. 151ஆம் குறளில் ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்’, 396ஆம் குறளில் ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’. இரண்டும் தோண்டுவதுதான். முன்னதில் நிலம் பொறுத்துக்கொள்கிறது, பின்னதில் தண்ணீர் தருகிறது. ‘தொடு’ நமக்கு இனி ஆகாது. பொத்தான்மேல் ‘தொடு’ என்று எழுதினால் எல்லாரும் விரலைத்தான் வைப்பார்கள். (அந்தக் கணக்கில் ‘தொடுதிரை’யைத் தோண்டுதிரை என்று வேண்டுமென்றே வம்பு பண்ணலாம்.) ‘அகழ்’ பிழைத்திருக்கிறது. கீழடிக்குப் பிறகு அகழாய்வு என்ற சொல் டீக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது ஐந்து இடங்களுக்கு வருகிறேன். உதவிப் பக்கத்தின் தலைப்பில் வருவது சாப்பாட்டுப் பந்தியில் ‘ம், ஆரம்பிங்க’ என்பதுபோன்ற ஆங்கிலம். அங்கே ‘தொடங்கலாம்’ போதும்.

இரண்டாவது இடம்தான் எனக்கு முக்கியம். குவிந்து கிடக்கும் எண்களிலிருந்து ஒழுங்குகளைக் கண்டெடுக்கும் பட்டியல் அது. ‘டேட்டா மைனிங்’ என்று பாடப்புத்தகங்களில் வருவதும் இதுவே. இதற்குத் ‘தரவுச் சுரங்கம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. சுரங்கம் என்றதும் நமக்குத் தோன்றுவது பூமிக்கடியில் ஓடும் இருட்டுப் பாதை. அந்தச் சொல்லே கிரேக்கத்திலிருந்து வடமொழி வழியாக வந்தது என்பார்கள், குழல் என்பது அதன் மூலப்பொருள். அது கிடக்கட்டும்.

சேலத்தில் இருப்பவர்களுக்கு வெட்டியெடுப்பது என்றால் வேறு காட்சி. மாமாங்கம் தாண்டி ஓமலூர் ரோட்டில் போகும்போது, சேர்வராயன் மலையடிவாரம் வரைக்கும் வெள்ளை வெள்ளையாக மேடு தெரியும். வெள்ளைக்கல் என்று நாங்கள் சொல்லும் மேக்னசைட். இரும்பு உருக்கும் உலைக்குள் பதிக்கிற, சூடு தாங்கும் செங்கல் இதிலிருந்துதான் வருகிறது. ரயில்நிலையத்துக்கே ‘மேக்னசைட் ஜங்ஷன்’ என்று பெயர். அங்கே இருட்டுப் பாதை எதுவும் கிடையாது, எல்லாம் திறந்தவெளிப் பள்ளம். வெள்ளைக்கல் பாளம் பாளமாக இருக்காது. டூனைட் என்கிற பாறைக்குள், சிலந்தி வலை பின்னியதுபோல நரம்பு நரம்பாக ஓடும். அதனால் வெடி வைத்துப் பெயர்ப்பது வேலையில் ஒரு பாதிதான். பெயர்த்ததில் பெரும்பகுதி வேண்டாத கல். வெள்ளையைத் தனியாக, பாறையைத் தனியாகப் பிரிக்க வேண்டும். காலங்காலமாக அதைக் கையால் பொறுக்கியவர்களில் பெண்கள் நிறையப் பேர். பள்ளத்தைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு அங்கே தோண்டுகிறார்கள் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். கல்லுக்கு விலை வருவது அந்தப் பொறுக்கலில்.

எண்களிலும் அப்படித்தானே? தரவை எடுத்துக் குவிப்பதற்கு இன்று பெரிய சாமர்த்தியம் வேண்டாம். வேண்டாததைத் தள்ளி வேண்டியதைப் பிரிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘டேட்டா மைனிங்’ என்ற ஆங்கிலப் பெயரே சரியில்லை, தங்கம் எடுக்கிற இடத்தைத் தங்கச் சுரங்கம் என்கிறோமே தவிரப் பாறைச் சுரங்கம் என்பதில்லையே என்று அந்தத் துறைப் பாடநூலிலேயே குறைப்பட்டிருக்கிறார்கள்.

இங்கேதான் தமிழ் நமக்கு ஒரு சொல்லை மடியில் கட்டி வைத்திருக்கிறது: ‘ஆய்’. கீரை ஆய்கிறோம். கடலைக்கொடியைப் பிடுங்கிப் போட்டபிறகு, நிழலில் உட்கார்ந்து காய் ஆய்வார்கள். பிடுங்குவதைவிட ஆய்வதற்குத்தான் ஆள் அதிகம் வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறவரும் அதே வினையைத்தான் செய்கிறார், கொடிக்குப் பதில் காகிதம். ஆகவே ‘தரவு அகழாய்வு’ என்று முன்மொழிகிறேன். பெயர்ப்பதற்கு அகழ், பிரிப்பதற்கு ஆய். தொல்லியலுக்குப் போன சொல்லாயிற்றே என்று யாராவது கேட்கலாம். முன்னால் ‘தரவு’ இருக்கும்போது யாரும் பானை ஓட்டைத் தேட மாட்டார்கள்.

மூன்றாவது, பிணையக் (நெட்வொர்க்) கோளாறு வந்தால் ஓட்டச் சொல்லும் ‘டிக்’ கட்டளை. களப்பெயருக்கு, அதாவது இணையதளத்தின் ‘டொமைன்’ பெயருக்கு, உரிய முகவரியைக் கேட்டுச் சொல்லும் கருவி. கட்டளைப் பெயரை மாற்றக் கூடாது, மாற்றினால் கருவி ஓடாது. ஆனால் விளக்க வரியில் ‘தோண்டும் கருவி’ என்று இருப்பதை மாற்றுங்கள். அந்தப் பெயரின் விரிவு ‘டொமைன் இன்ஃபர்மேஷன் குரோப்பர்’. குரோப்பர் என்றால் இருட்டில் கையால் தடவித் தேடுகிறவர். தமிழில் அதற்கென்றே ‘துழாவு’ இருக்கிறது. ‘களப்பெயர் துழாவி’ என்று விளக்கம் எழுதலாம். இதே வேலையைச் செய்யும் மற்ற இரண்டு கருவிகளுக்கு ‘டிரில்’, ‘டெல்வ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதலாவது வைத்த பகிடியைப் பின்னால் வந்தவர்கள் தொடர்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதைத் தமிழில் தொடர வேண்டிய கடமை நமக்கில்லை.

நான்காவது அந்தப் பொத்தான். மாநில மொத்தத்தின்மேல் அழுத்தினால் மாவட்டம் விரியும், மாவட்டத்தை அழுத்தினால் வட்டம், அப்புறம் ஊர். ‘டிரில் டவுன்’ என்றும் இதைச் சொல்கிறார்கள். டிரில் என்றால் நம் பக்கத்தில் போர் போடுவதுதான், திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஓடாத ஊர் இந்தியாவில் உண்டா? கிணறு வெட்டுகிறவன் அகலமாக இறங்குகிறான். போர் ஒரே புள்ளியில் நேராக இறங்குகிறது. இந்தப் பொத்தான் செய்வதும் அதுதான். ‘போர் போடு’ என்று எழுதினால் சண்டைக்கு வருவார்கள் என்பதால் ‘துருவு’ என்று வைக்கலாம் என்பது என் யோசனை. துளையிடுவது, நுணுகித் தேடுவது, இரண்டு பொருளும் அதில் உண்டு.

ஐந்தாவதை அப்புறம் பார்ப்போம். இந்த நான்கிலும் அடி கிடைத்தால் வாங்கிக்கொள்கிறேன்.

சேலத்திலிருந்து

*

அண்ணா, வணக்கம். ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன்.

‘தரவு அகழாய்வு’, ‘துழாவி’ இரண்டும் பிடித்திருக்கின்றன. ‘துருவு’ மட்டும் வேண்டாம். துருவித் துருவிக் கேட்பது என்றால் போலீஸ் ஸ்டேஷன் நினைவுக்கு வருகிறது. பெயர்ச்சொல் ஆக்கினால் ‘துருவல்’, அது தேங்காய். ‘துருவாய்வு’ என்று ஒட்டினால் அண்டார்டிகாவுக்குப் போகிறோம் என்று நினைப்பார்கள்.

தவிர, அதே திரையில் அந்தப் பொத்தானுக்கு ஜோடி ஒன்று இருப்பதைப் பார்க்கவில்லையா? ஊரிலிருந்து வட்டம், வட்டத்திலிருந்து மாவட்டம் என்று திரும்ப மேலே கொண்டுபோவது. ஆங்கிலத்தில் அதை ‘டிரில் அப்’ என்கிறார்கள். மேல்நோக்கி யாராவது துளை போடுவார்களா? அவர்களுடைய உவமையே பாதியில் உடைந்துபோன ஒன்று. உடைந்ததை நாம் ஏன் சுமக்க வேண்டும்? இங்கே நடப்பது தோண்டலே இல்லை. ஒரு படி இறங்குகிறோம், ஒரு படி ஏறுகிறோம். ‘படியிறங்கு’, ‘படியேறு’ என்று வைத்துவிடலாம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிற எங்களுக்கு இது சட்டென்று புரிகிறது, கீழே இருப்பவர்களுக்கும் புரியும்.

இன்னொன்று. தோட்டத்தில் காப்பி நாற்று வைக்க ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி எடுக்கிறோம். அதைத் தோண்டுவது என்று சொல்லலாம். ஆனால் மலையுச்சியில் இருந்த பாக்சைட் அப்படி இல்லை, தொப்பி கவிழ்த்ததுபோல மேலேயே படிந்திருந்தது. மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனதெல்லாம் அப்படி மேலாக வழித்தெடுத்ததுதான். அடுத்த பதிப்பில் வலைப்பக்கங்களிலிருந்து தரவை அள்ளும் வசதி வரப்போகிறதாம். அதற்கு ‘சுரண்டல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தச் சொல்லில் வேறு அரசியல் இருக்கிறது. ‘வழித்தல்’ என்று இப்போதே குறித்து வையுங்கள்.

*

தங்கைக்கு,

‘டிரில் அப்’ என் கண்ணில் படவே இல்லை. பட்டிருந்தால் துருவலோடு வந்து நின்றிருக்க மாட்டேன். படியிறங்கு, படியேறு இரண்டையும் கோப்பில் ஏற்றிவிட்டேன். பொத்தானிலும் அடங்குகின்றன, சின்னப் பிள்ளைக்கும் விளங்குகின்றன. மண்ணே இல்லாத இடத்தில் மண்வெட்டியோடு நின்றிருக்கிறேன்.

‘வழித்தல்’ பற்றி ஒரு தயக்கம். மாவுச்சட்டியை வழிப்பது, முகம் வழிப்பது என்றுதான் முதலில் தோன்றுகிறது. ‘வழித்தெடு’ என்று முழுசாக எழுதினால் தாங்கும் என நினைக்கிறேன். அந்த வசதி வரும்போது மறுபடி பேசுவோம்.

தம்பிக்கு: ஒரு மூலச்சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் என்ற விதியைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. ஒரு கருத்துக்கு ஒரு சொல் என்று திருத்தி வைத்துக்கொள்வோம். அகரவரிசைக் கோப்பில் ‘டிக்’ என்ற ஒரே தலைச்சொல்லின் கீழ் ஐந்து வரி வரும், பரவாயில்லை.

ஐந்தாவது இடத்தில் உங்கள் சொல்லையே விட்டிருக்கிறேன். அழித்த பதிவுகளை மீட்டுத் தரும் கட்டளை அது. ‘அழித்ததைத் தோண்டியெடு’. வீட்டுக்காரம்மாவிடம் காட்டினேன். “இங்கே சரிதான், நீங்கதானே புதைச்சீங்க” என்றார்.